மாற்று கம்மி என்றால் போலி என்று அர்த்தமில்லை

வங்கியில் நகை மதிப்பீடு செய்கிற எனக்குத் திருச்சிப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் டாலர் சங்கிலியை அடகு வைக்கப் போனோம். 1978-ல் அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா செய்து போட்டது. பாட்டியின் பழைய காப்பையும் அட்டிகையையும் அழித்து ஊர் ஆசாரியிடம் செய்த நகை. ஐந்து பவுன் என்றுதான் இத்தனை வருஷமும் வீட்டில் பேச்சு. வங்கியில் மதிப்பீட்டாளர் கல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு 'மாற்று கம்மிம்மா' என்றார். மொத்த எடை 40.200, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து 38 கிராம், மாற்று 84 என்று எழுதிக் காட்டி, 'நாலே கால் பவுன் சொச்சம்தான் வரும்' என்றார். அம்மா முகம் விழுந்துவிட்டது, சங்கிலியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். நகைக்கடையில் மெஷினில் வைத்து 80 என்றார்கள். தெருமுனை அடகுக்கடைக்காரர் 'தொண்ணூறு இருக்கும், நல்ல பொன்' என்றார், ஆனால் அவர் தருவதாகச் சொன்ன பணம் வங்கியைவிடக் குறைவு. 'எங்கப்பா எனக்குப் போலி நகையா போட்டு அனுப்பினார்' என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. மாற்று என்றால் என்ன ஐயா? மூன்று பேர் மூன்று எண் சொன்னால் யாரை நம்புவது? அழித்துப் புதிதாக வாங்கிவிடலாமா?"

வணக்கம்மா. முதலில் உங்கள் அம்மாவை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் அப்பா போட்டது தங்கம்தான். வங்கியில் சொன்ன 84 என்ற எண்ணுக்கு அர்த்தம், அந்தச் சங்கிலியின் பொன் பாகத்தில் நூறு பங்குக்கு எண்பத்து நாலு பங்கு சுத்தத் தங்கம் இருக்கிறது, மீதி பதினாறு பங்கு செம்பும் வெள்ளியும். 38 கிராமில் கிட்டத்தட்ட 32 கிராம் சொக்கத்தங்கம் உங்கள் கழுத்தில் இத்தனை வருஷமாகக் கிடந்திருக்கிறது. போலி என்று எங்கள் தொழிலில் சொல்வது வேறு. உள்ளே செம்போ பித்தளையோ வைத்து மேலே தங்க முலாம் பூசிய நகை, அதாவது கவரிங். உங்கள் சங்கிலிக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே கிடையாது.

இனி மகளுக்கு. மாற்று என்பது பொன்னின் சுத்தத்தை அளக்கிற பழைய தமிழ்ச் சொல். நூறு பங்கில் எத்தனை என்று கடைக்காரர்கள் இப்போது 'டச்' கணக்கில் சொல்வதும், இருபத்து நாலில் எத்தனை என்று காரட்டில் சொல்வதும் அதே விஷயத்தைத்தான். பழைய கணக்கில் பத்தரை மாற்று என்றால் முழுச் சுத்தம். கல்யாண வீட்டில் மருமகளைப் பார்த்து "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பத்தரைதான் இது. அந்தப் பத்தரையை 24 காரட் என்று வைத்துக்கொண்டால் இன்றைய 22 காரட் ஒன்பதரைக்குச் சற்று மேலே வரும், உங்கள் அம்மாவின் சங்கிலி எட்டே முக்காலுக்குச் சற்று மேலே.

வம்பு எங்கே வருகிறதென்றால், இந்தச் சொல் தராசு மேஜையை விட்டு இறங்கி மனுஷர்களை எடை போடுகிற சொல்லாகவும் ஆகிவிட்டது. "மாற்றுக் குறையாத மனுஷன்" என்றால் குணத்தில் குறை இல்லாதவர் என்று பொருள். அப்படிக் கேட்டுப் பழகிய காதில் "மாற்று கம்மி" என்று விழுந்தால், நகையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது, நகை போட்டவரைப் பற்றிச் சொன்னதாகத்தான் தோன்றும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுதான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளையில், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, ஒரு வயதான அம்மாவின் வளையலை உரைத்துவிட்டு "மாற்று ரொம்பக் கம்மி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார், கடன் கேட்டு வந்த காரியத்தையும் விட்டுவிட்டு. எனக்கு உரைக்கக் கற்றுத் தந்த அப்பாவிடம் அன்று ராத்திரி சொன்னேன். "எண்ணைச் சொல்லுடா, கம்மி ஜாஸ்தின்னு ஏன் சொல்றே" என்றார். அதற்குப் பிறகு நான் எண்ணைத்தான் சொல்கிறேன், அதுவும் மெதுவாக, எதிரில் இருப்பவர் காதுக்கு மட்டும்.

உரைத்துப் பார்ப்பதே அவமானம் என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த கதையாகக்கூட இருக்கலாம். சுந்தரருக்குத் திருமுதுகுன்றத்தில், இன்றைய விருத்தாசலத்தில், இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று சொன்னார். சுந்தரர் ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்று பெயர், பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரித் துண்டு. கமலாலயம் என்ற அந்தத் திருவாரூர்க் குளத்தில் பொன்னை எடுத்து அந்த மச்சத்தோடு வைத்து உரைத்தால் மாற்று குறைந்திருந்தது. அப்புறம் அவர் பாட, பொன் ஒத்து வந்தது என்று கதை போகும். அந்தக் குளக்கரையில் இருக்கிற பிள்ளையாருக்கு மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர். சாமி கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்த ஊர் நம்முடையது. தாத்தா கொடுத்த சங்கிலியை ஒருவர் கல்லில் உரைத்தால் அதனால் தாத்தாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அந்தக் கதையில் எங்கள் தொழில் அப்படியே இருக்கிறது. மாற்று பார்ப்பது என்றாலே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். என்னிடம் ஒரு கருப்பு உரைகல் இருக்கிறது, கூடவே இத்தனை மாற்று என்று தெரிந்த பொன் முனை வைத்த ஆணிகள். நகையை ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஆணியால் ஒரு கோடு இழுத்து, வெயில் வெளிச்சத்தில் இரண்டு நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அப்புறம் ஒரு சொட்டு அமிலம். செம்பு அதிகமிருந்தால் கோடு சீக்கிரம் அரித்து மங்கும், பொன் அதிகமிருந்தால் அப்படியே நிற்கும். வருஷக்கணக்கில் பழகிய கண்ணுக்கும் ஒன்றிரண்டு புள்ளி முன்பின் வரும், மேலே முலாம் இருந்தால் அரம் போட்டுச் சுரண்டி உள்ளே பார்க்காமல் கல் ஏமாந்தும் போகும்.

இப்போது உங்கள் மூன்று எண்கள். வங்கியில் சங்கிலியின் வளையங்களில் உரைத்திருப்பார் என்று நினைக்கிறேன், அதனால் 84. நகைக்கடை மெஷின் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்து உலோகத்தைக் கண்டுபிடிக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் நகையின் மேல்தோலில், மைக்ரான் கணக்கான ஆழத்தை மட்டும் படிக்கிறது, அதுவும் கதிர் விழுகிற அந்த ஒரு இடத்தை மட்டும். சங்கிலியைக் கொக்கிப் பக்கமாகவோ டாலர் சேருகிற இடத்திலோ வைத்திருந்தால் அங்கே பற்றாசு இருக்கும். ஆசாரிகள் பொடி என்றும் சொல்வார்கள், ஒரு துண்டோடு இன்னொரு துண்டை ஒட்ட வைக்கிற கலவை. நகை உருகுவதற்கு முன்னால் அது உருகியாக வேண்டும், அதனால் அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ப்பார்கள், மாற்று குறைவாகத்தான் இருக்கும். அங்கே 80 காட்டியதில் ஆச்சரியமில்லை. அடகுக்கடைக்காரர் சொன்ன 90 வாய்வார்த்தை. வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் தன் பயத்தை மாற்றில் காட்டாமல் பணத்தில் காட்டிவிட்டார். மாற்று எவ்வளவு என்பதும் கையில் எவ்வளவு தருவார்கள் என்பதும் தனித்தனி சங்கதி என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஐந்து பவுன் எப்படி நாலே கால் ஆனது என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம், அம்மாவும் கூட உட்காரட்டும். பவுன் என்று நாம் சொல்வது 8 கிராம், ஐந்து பவுன் 40 கிராம். உங்கள் சங்கிலி தராசில் 40.200 நின்றிருக்கிறது, ஆக தாத்தா சொன்ன ஐந்து பவுன் பொய்யில்லை. அதில் டாலரில் இருக்கிற கல்லும் கல்லுக்கு அடியில் வைத்த அரக்கும் 2.200 என்று கழித்திருக்கிறார்கள். அரக்கு நகைக்குள் இருப்பது ஏமாற்று வேலை கிடையாது, கல் பதிக்கிற முறையே அதுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் எழுதும்போது மணியும் முத்தும் தனித்தனியாக எண்ணி, அரக்கும் உட்பட எடை இவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மிச்சம் 38 கிராம். அதில் 84 பங்கு சுத்தத் தங்கம் என்றால் 31.920 கிராம். வங்கியில் எல்லா நகையையும் 22 காரட்டுக்கு, அதாவது 91.6-க்கு மாற்றிக் கணக்குப் போடுவார்கள். 31.920-ஐ 0.916-ஆல் வகுத்தால் 34.850 கிராம் வரும், பவுனில் 4.36. அவர் சொன்ன நாலே கால் சொச்சம் இதுதான். நகையிலிருந்து ஒரு குன்றிமணி கூடக் காணாமல் போகவில்லை. எடையில் ஐந்து பவுன், 22 காரட் கணக்கில் நாலே கால் சொச்சம், இரண்டுமே உண்மை.

84 ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, பாட்டியின் காப்பையும் அட்டிகையையும் அழித்துச் செய்தது. பழைய நகையை உருக்கினால் அதிலிருந்த பற்றாசும் சேர்ந்துதான் உருகும், ஒவ்வொரு தடவை அழித்துச் செய்யும்போதும் கொஞ்சம் மாற்று இறங்கும். சுத்தப்படுத்தச் செலவாகும், பொன்னும் சேதாரமாகும், கிராமத்து ஆசாரியிடம் எல்லோரும் அதைக் கேட்கமாட்டார்கள். அந்தக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1963-ல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அந்த 14 காரட் விதி சில வருஷங்களில் போய்விட்டது, ஆனால் 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சாதாரண மக்கள் தங்கக் கட்டி வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சட்டம் 1990 வரை இருந்தது. 1978-ல் மகளுக்கு நகை போட நினைத்த ஒரு அப்பாவுக்கு, வீட்டில் இருக்கிற பழைய நகையை அழிப்பதுதான் கைக்கெட்டிய வழி. ஹால்மார்க் முத்திரை நம் நாட்டில் தங்கத்துக்கு வந்ததே 2000-ல்தான். 22 காரட்டா என்று முத்திரையைப் பார்த்து வாங்க உங்கள் தாத்தாவுக்கு வாய்ப்பே இருந்ததில்லை. அந்தக் காலத்து ஊர் நகைகளில் 84 என்பது என் மேஜையில் சாதாரணமாகப் பார்க்கிற எண். மாற்று 70-க்கும் 80-க்கும் நடுவில் நிற்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அழித்துப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன், கணக்கைப் பாருங்கள். கடைக்காரர் நியாயமானவராகவே இருந்து 84-ஐ முழுசாக ஒப்புக்கொண்டு 34.850 கிராம் 22 காரட்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார் என்றே வையுங்கள். புது நகைக்குச் சேதாரம் 12 சதவீதம், அதற்குமேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். கையிலிருந்து ஒரு ரூபாய் போடாமல் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 30.200 கிராம், நாலு பவுனுக்கும் கீழே. கடை 80 என்றே பிடிவாதம் பிடித்து, உருக்கினால் கழியும் என்று இன்னும் இரண்டு சதவீதம் கழித்தால் இன்னும் இறங்கும். முத்திரை இல்லாத பழைய நகை செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்பாதீர்கள். முத்திரை கட்டாயம் என்பது கடைக்காரர் விற்கும் நகைக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாய ஹால்மார்க் உள்ள மாவட்டங்களில் எச்யுஐடி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாமல் அவர்கள் விற்க முடியாது. நீங்கள் வீட்டில் வைத்திருப்பதற்கும், அடகு வைப்பதற்கும், விற்பதற்கும் தடை ஏதும் இல்லை.

கடனுக்கு வருவோம், உங்களுக்கு அவசரம் அதுதானே. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் தங்க நகைக் கடனுக்குப் புது வழிமுறைகள் வெளியிட்டது, கடன் தருகிறவர்கள் அதற்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை கெடு வைத்தது. அதன்படி நகையை மதிப்பிடும்போது கடன் கேட்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு கழித்தோம் என்று விளக்க வேண்டும், மாற்று, மொத்த எடை, நிகர எடை, கழிவு எல்லாம் எழுதிய சான்று ஒன்று உங்கள் கையில் தர வேண்டும். விலையும் அவரவர் இஷ்டம் கிடையாது. அந்த மாற்றுத் தங்கத்துக்குக் கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் முடிவு விலை, இரண்டில் எது குறைவோ அதுதான். அந்த மதிப்பில் கடன் இரண்டரை லட்சம் வரைக்கும் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரைக்கும் 80, அதற்கு மேல் 75 என்று உச்சவரம்பு. கணக்கு வசதிக்காக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் சங்கிலியின் மதிப்பு 3,48,500, அதில் 80 சதவீதம் 2,78,800. முதலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடனாக எடுத்தால், அந்த வட்டியும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும், அதனால் கையில் வருவது இன்னும் கொஞ்சம் குறையும். கல்லுக்கோ வேலைப்பாட்டுக்கோ பணம் வராது, கடனுக்குப் பார்ப்பது பொன்னை மட்டும்தான்.

84-ஆ 80-ஆ என்ற சந்தேகம் தீரவே இல்லை என்றால், பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் பரிசோதனை மையம் ஒன்றுக்கு எடுத்துப்போங்கள். பொதுமக்கள் கொண்டுவரும் பழைய நகையையும் சில நூறு ரூபாய்க் கட்டணத்தில் சோதித்து எழுதித் தருவார்கள். சங்கிலி, கொக்கி, டாலர் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், பற்றாசு இருக்கிற இடத்தைத் தவிர்த்து. அந்தச் சீட்டை வங்கிக்குக் கொண்டுபோனால் அதையே ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று விதி கிடையாது, அவர்களும் ஒருமுறை பார்ப்பார்கள், ஆனால் பேசுவதற்கு உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். "மாற்று கம்மி" என்று யாராவது சொன்னால் "எத்தனை? எந்த இடத்தில் உரைத்தீர்கள்? கல்லுக்கு எவ்வளவு கழித்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல மதிப்பீட்டாளர் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார், திரும்ப ஒரு கோடு இழுத்துக் காட்டக்கூடச் செய்வார்.

போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சங்கிலியை அவர் கையாலேயே கொடுக்கட்டும், தராசில் வைப்பதையும் கல்லில் உரைப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சான்று வந்ததும் அதிலுள்ள எண்களை எனக்கு எழுதுங்கள், கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.